இடது பக்கத்துப் பை

வசந்தகுமாருக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அன்று காலை ஏரிக்கரையில் நின்ற மஞ்சுளாவின் மண்டைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தன் புருஷன் கிணற்றில் இறங்கி அவள் பார்த்ததில்லை. மகாபலிபுரம் போனால்கூட, அலை கணுக்காலைத் தாண்டினால் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடி வந்துவிடுவான். அப்பேர்ப்பட்டவன் இப்போது ஏரிக்கு நடுவில், யாரோ ஒருவருடைய படகில், தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தான். துணைக்கு ஒரு லாரி டியூப்.

அந்தப் படகு கடற்கரைச் சாலை ரிசார்ட் ஒன்றிலிருந்து வந்தது. பின்னால் கயிறு கட்டி, ஒரு ஆளைப் பலகைமேல் நிற்க வைத்து இழுத்துக்கொண்டு போகிற விளையாட்டுக்கான படகு. படகு எவ்வளவு கனமாகத் தண்ணீரில் அமிழ்கிறதோ, அவ்வளவு பெரிய அலை பின்னால் எழும்பும். அந்த அலையில் ஏறிக் குதிப்பதுதான் ஆட்டமே. கனத்துக்காகப் பின்பக்கம் இடமும் வலமும் சீட்டுக்கு அடியில் ஆள் நீளத்துக்கு ஒவ்வொரு ரப்பர் பை வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்விட்சைத் தட்டினால் பம்ப் ஏரித் தண்ணீரையே உறிஞ்சிப் பையை நிரப்பும். ஆட்டம் முடிந்ததும் இன்னொரு ஸ்விட்ச். வேறொரு பம்ப் அத்தனையையும் வெளியே தள்ளிவிடும். காசைக் கொடுத்துத் தண்ணீரில் போய் விழுவதற்கு மனுஷனுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

இடது பக்கத்துப் பை சரியாக வடிய மாட்டேன் என்கிறது. அதுதான் ரிசார்ட்காரர்களின் புகார். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் ஃபைபர் ஷெட் வைத்திருக்கும் ஸ்ரீதர், தண்ணீர்த் தொட்டியும் செக்யூரிட்டி கேபினும் செய்கிறவர். படகும் ஃபைபர்தானே என்று இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார். ஃபைபர் என்று ஒன்று இருந்துவிட்டால் போதும், அவர் ஏரோப்ளேனைக்கூட வேண்டாமென்று சொல்ல மாட்டார்.

பழைய ஹோஸ், பழைய பம்ப் எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக மாட்டினார்கள். வலது பக்கம் வசந்தகுமார். இடது பக்கம் மஞ்சுளா.

மஞ்சுளா ஷெட்டுக்குப் புதுசு. அதற்கு முன்னால் கார் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தாள். செய்து முடித்த காரை மேடுபள்ளமான பாதையில் ஓட்டும்போது உள்ளே உட்கார்ந்து சத்தம் கேட்பதுதான் அவள் வேலை. எங்கே ஒயர் உரசுகிறது, எந்த ஹோஸ் ஆடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டு, இறங்கி அவளே அதை இழுத்துக் கட்டியும் விடுவாள். கான்ட்ராக்ட் முடிந்தது, லைனில் ஆளைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். ஏழெட்டு மாதம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். வசந்தகுமார்தான் ஸ்ரீதரிடம் பேசி அவளை ஷெட்டுக்கு அழைத்து வந்தான்.

கார் லைனில் பழகின கை சும்மா இருக்குமா? ஹோஸ் தரையில் கிடக்கக் கூடாது, தொங்கக் கூடாது, எதையும் உரசக் கூடாது. தூக்கிப் பிடித்து, சுவரோடு சேர்த்துக் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் நாடாவைப் போட்டு இறுக்கி, டையின் வாலை ஒட்ட நறுக்கிவிட வேண்டும். இடது பக்கத்து ஹோஸை அவள் அப்படித்தான் கட்டினாள். பையின் அடியிலிருந்து கிளம்பி, படகின் சுவரில் வரிசையாக ஏறி, பம்புக்கு இறங்குகிற மாதிரி. பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வசந்தகுமார் போட்டது செத்த பாம்பு மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தது. ஸ்ரீதர் அவள் கட்டினதை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஷெட்டிலேயே டிரெய்லர் மேல் வைத்துத் தண்ணீர் நிரப்பி வடித்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சுத்தமாக வடிந்தது. இரண்டு நாள் கழித்து ரிசார்ட் டிரைவர் வந்து ஏரியில் ஓட்டிப் பார்ப்பதாகப் பேச்சு. ஆனால் வசந்தகுமார் திடீரென்று, அதற்கு முந்தின நாள் காலையிலேயே, ஸ்ரீதர் வருவதற்கு முன்னால், தானே ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். மிதவைச் சட்டைகள் ரிசார்ட்டிலேயே இருந்தன. "டிரைவரு வர்றதுக்குள்ள நாம ஒரு வாட்டி பாத்துடலாம் மஞ்சு" என்றான். ஏன் என்று கேட்டாள், அவன் லாரி டியூபைத் தேடி எடுக்கப் போய்விட்டான்.

ஆட்கள் உட்கார்ந்த மாதிரி பாரம் வேண்டுமே என்று முன்சீட்டில் மணல் மூட்டைகளை வைத்தார்கள். அந்த யோசனையும் மஞ்சுளாவுடையதுதான். கார் கம்பெனியில் அப்படித்தான் செய்வார்கள்.

இசக்கியப்பன் டிராக்டரால் டிரெய்லரைத் தள்ளிப் படகை ஏரியில் இறக்கினான். அவனும் ஷெட்டில் வேலை செய்கிறவன், தென்காசிப் பக்கத்துக்காரன், சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். மழை நின்ற கையோடு ஏரி கரை முட்ட நிறைந்திருந்தது. ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை. நடுவில் போய்ப் பைகளை நிரப்பிக்கொண்டு படகு நேராக ஒரு ஓட்டம் ஓடியது. பின்னால் அலை சுருண்டு எழுந்தது. பிறகு நின்றது. மஞ்சுளாவின் போன் அடித்தது.

"மஞ்சு, அலை பாத்தியா? சோக்கா வந்திச்சில்ல?"

"பாத்தேன், பாத்தேன். மொதல்ல தண்ணிய வடிச்சிட்டு வந்து சேருங்க."

"ரெண்டு பக்கமும் ஸ்விட்ச் போட்டுட்டேன். ரைட்டு சும்மா பிச்சினு அடிக்குது."

படகின் இடது பக்கம் கரையைப் பார்த்து நின்றது. அந்தப் பக்கத்தில் தண்ணீர் வெளியேறுகிற துளையையே அவள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தண்ணீர் சொட்டியது. அப்புறம் அதுவும் நின்றது. வடிகிறதா, வடிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, முதலில் தெரியாத சீட்டு தெரிந்தது. சீட்டுக்குக் கீழே தரை தெரிந்தது. வசந்தகுமாரின் முழங்கால் தெரிந்தது. படகு அவள் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"ஏங்க, சாயுதுங்க!"

"தெர்து, தெர்து. லெப்ட்டு வடியல. பம்பு ஓடுது, தண்ணி போவல. இரு, கரைக்கே ஓட்டியாந்துடறேன்."

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் இன்ஜின் உறுமியது. படகு கரையை நோக்கித் திரும்பத் தொடங்கியதுதான் தாமதம், முன்சீட்டிலிருந்த மணல் மூட்டைகள் சரிந்து இடது பக்கத்து ஓரத்தில் போய்க் குவிந்தன. விளிம்பு தண்ணீருக்குள் முங்கியது. ஏரித் தண்ணீர் ஒரு வாய் உள்ளே போனது. வசந்தகுமார் சீட்டோடு சறுக்கி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். இன்ஜின் நின்றது.

"ஏங்க! ஏங்க!" என்று போனில் கத்தினாளா, ஏரியைப் பார்த்துக் கத்தினாளா என்று மஞ்சுளாவுக்கே தெரியாது.

"கீறேன், கீறேன். கத்தாத. போனு ஸ்பீக்கர்ல போட்டு சட்ட பாக்கெட்ல கீது. இந்த மூட்டைய தூக்கிப் போட்டுடறேன்."

"அந்தப் பக்கம் போவாதீங்க! நீங்களும் போனா மொத்தமா கவுந்துடும். ரைட்லயே நில்லுங்க, அசையாதீங்க!"

இசக்கியப்பன் அதற்குள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டிருந்தான். "மைனி, நீங்க போன வச்சிராதிய. நான் நீந்திப் போயி அண்ணாச்சியக் கூட்டியாறேன்" என்று ஏரிக்குள் பாய்ந்தான். பாய்ந்து என்ன செய்ய? ஆகாயத்தாமரை அவனை இடுப்போடு வளைத்துக்கொண்டது. கையால் பிய்க்கப் பிய்க்க அடுத்தது வந்து மூடியது. கொஞ்சத் தூரம் போய்த் திணறி, இருமிக்கொண்டு திரும்பி வந்தான். "காலச் சுத்துது மைனி, நீந்தவே விடமாட்டேங்கு."

மேலே ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னல் ஓரத்து ஆட்கள் எல்லாம் காலை ஷிஃப்டுக்குத் தூங்கிக்கொண்டே போனார்கள். கூப்பிட்டால் யார் காதில் விழப்போகிறது? வல்லக்கோட்டை முருகா, முருகா என்று உதடு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. காற்று வேறு கிளம்பிவிட்டது. ஒவ்வொரு சின்ன அலைக்கும் படகின் விளிம்பு தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தது.

போனில் பம்புகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் ஏதோ சரியில்லை.

"ரைட்டு பம்ப நிறுத்துங்க."

"எதுக்கு?"

"நிறுத்துன்றேன்ல!"

ஒரு சத்தம் நின்றது. மிச்சமிருந்தது இடது பக்கம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஙீ என்று மெலிசாக, பாரமே இல்லாமல் சுற்றுகிற சத்தம். தண்ணீரைத் தள்ளுகிற பம்ப் இப்படிக் கத்தாது. உள்ளே காற்றுதான் இருக்கிறது. பை நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பம்புக்குக் காற்று எங்கிருந்து வருகிறது?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஷெட்டில் டிரெய்லரின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டு உயர்த்தியிருந்தார்கள். படகின் மூக்கு மேலே, பின்பக்கம் கீழே. தண்ணீர் தானாகப் பின்னால் வந்து ஹோஸில் இறங்கியது. இங்கே மணல் மூட்டை முன்னால் அழுத்த, மூக்கு கீழே போய்விட்டது. தண்ணீர் முன்னால் ஓடிவிட்டது. பின்னால் சுவரில் ஏறி இறங்குகிற ஹோஸின் மேட்டில் காற்று போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் காற்றைத் தாண்டி இழுக்க இந்தப் பம்புக்குத் தெம்பு கிடையாது. தரையில் செத்த பாம்பாகக் கிடந்த ஹோஸில் மேடு இல்லை, காற்று நிற்க இடமும் இல்லை. மேடு, அவள் கட்டின மேடு. அவள் ஒவ்வொரு டையாக இழுத்து இறுக்கின மேடு.

இந்தக் கையால்தானே கட்டினேன் என்று கையைப் பார்த்தாள். போன் வழுக்கிக்கொண்டு போனது.

"ஏங்க, கேளுங்க. ரைட்டு பைய மறுபடி ரொப்புங்க."

"இன்னாது? முழுவுற படகுல இன்னும் தண்ணி ஏத்தச் சொல்றியா?"

இசக்கியப்பனும் பதறினான். "மைனி, பாரம் கூடுனா முங்கிரும்லா?"

முங்கிவிடுமோ? அவளுக்கு என்ன தெரியும்? காருக்குள் உட்கார்ந்து சத்தம் கேட்டவள். படகைப் பற்றி அவள் என்ன கண்டாள்? சொன்னது தப்பாகப் போனால், புருஷனைத் தன் வாயாலேயே தண்ணீருக்குள் அனுப்பினவள் ஆவாள். வீட்டுக்குப் போய் மாமியார் முகத்தில் எப்படி முழிப்பது, அதுவரை போய்விட்டது அவள் மனசு. ஆனால் ஒன்று மட்டும் தெரியும். இரண்டு பையும் நிறைந்திருந்தபோது படகு நேராக நின்றது. ஓடக்கூட ஓடியது. அதைக் கண்ணால் பார்த்தாள். வேறு எதுவும் அவளிடம் இல்லை.

"ரெண்டும் ரொம்பியிருக்கும்போது நேராத்தான நின்னுச்சி? ரொப்புங்க. என்ன நம்புங்க, ரொப்புங்க."

போனில் ஸ்விட்ச் தட்டுகிற சத்தம் கேட்டது.

அந்தப் பை நிறைகிற நேரம் இருக்கிறதே, அதைப்போல ஒரு நேரத்தை எதிராளிக்குக்கூட விதிக்கக் கூடாது. படகு முதலில் இன்னும் கீழே போனது. மஞ்சுளா மணலில் உட்கார்ந்துவிட்டாள். இசக்கியப்பன் டிராக்டரிலிருந்து கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தான், எதற்கென்று அவனுக்கே தெரியாமல். அப்புறம் வசந்தகுமாரின் முழங்கால் மறைந்தது. தரை மறைந்தது. சீட்டு மறைந்தது. படகு பாரத்தோடு தாழ்ந்து, ஆனால் ஏறக்குறைய நேராக நின்றது.

"மஞ்சு, நிமிந்துடுச்சி! ஏ, நிமிந்துடுச்சி!"

"கத்தாதீங்க. லெப்ட்டு சீட்ட தூக்குங்க. மெதுவா போங்க, நடுவுலயே காலு வையுங்க. நான் கட்டுன டை எல்லாத்தையும் அறுத்துட்டு ஹோஸ கீழ தரையில போடுங்க."

"அறுக்க ஒன்னுமில்ல. ஸ்க்ரூடிரைவருதான் கீது."

"டைக்குள்ள வுட்டுத் திருவுங்க. பட்டுனு பூடும்."

அவன் தயங்குவது போனிலேயே தெரிந்தது. "இவ்ளோ அழகா கட்டிக்கீற..."

"அழகாவது மண்ணாவது! அறுய்யா!"

பட். கொஞ்சம் முனகல். பட். டையின் வால்களை அவ்வளவு ஒட்ட நறுக்கியிருந்தாள், விரலில் பிடிக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாகத் திருகித்தான் உடைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பட்டுக்கும் அவள் தோள் குலுங்கியது. கடைசியில் ஹோஸ் தொப்பென்று தரையில் விழுந்த சத்தம் வந்தது. பம்ப் இருமியது. மறுபடி இருமியது. பிறகு அந்த ஙீ சத்தம் அடங்கி, தொண்டை கட்டின மாதிரி கனமாக ஓட ஆரம்பித்தது. இடது பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் குபுக்கென்று பாய்ந்தது.

"இப்ப ரைட்டும் போடுங்க. ரெண்டும் ஒன்னா வடியட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் அழுதாள்.

இரண்டு பையும் வடிந்ததும் வசந்தகுமார் இன்ஜினை மறுபடி கிளப்ப, படகு கரைக்கு வந்து முட்டியது. வசந்தகுமார் இடுப்பு வரை நனைந்து, லாரி டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். இசக்கியப்பன் அவனைக் கட்டிப்பிடித்து, "அண்ணாச்சி, உசுரு போயி உசுரு வந்துட்டு" என்றான். மஞ்சுளா எழுந்து வந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்றுதான் வசந்தகுமார் நினைத்திருப்பான். அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"என் கட்டுதாங்க தப்பு. மேடு போட்டுக் கட்டிட்டேன். காத்து நின்னுடுச்சி. என்னாலதான்."

"தெரியும்" என்றான்.

"இப்ப தெரியும். முன்னாடி?"

அவன் ஏரியைத் திரும்பிப் பார்த்தான். "நீ கட்டும்போதே பாத்தேன். மேடு ஏறுதே, காத்து புடிக்குமேன்னு தோணுச்சி. அப்புறம் ஷெட்ல வடிஞ்சிது. சரி, நமக்குத்தான் தெர்ல போலன்னு வுட்டுட்டேன். ஆனாலும் மனசு கேக்கல. நாளைக்கு டிரைவரு முன்னாடி, ஸ்ரீதர் சார் முன்னாடி நின்னுபோச்சின்னா உன்னதான் சொல்லுவாங்க. அதான் இன்னிக்கே யாரும் இல்லாம பாத்துட்டு, தப்பா இருந்தா சத்தமில்லாம மாத்திடலாம்னு..."

"அப்ப என்கிட்ட வாயத் தெறந்து சொல்றதுக்கு இன்னா?"

"நீ ஏதோ பாட்ட முணுமுணுத்துக்கினே கட்டுன மஞ்சு. எத்தினி மாசம் கழிச்சி. அதுல போயி தப்புன்னு எப்படிச் சொல்றது?"

மஞ்சுளாவுக்குக் கோபம் வந்தது, வந்ததென்றால் அப்படி ஒரு கோபம். "என் மூஞ்சி வாடக் கூடாதுன்னா ஏரிக்குள்ள போன? நீச்சலு தெரியாத மனுஷன்? நான் பாடுனா உசுர வுட்டுருவியா நீ? நாளைக்கு நான் கொழம்புல உப்பு போட மறந்தாகூட சொல்லமாட்டியா?"

வசந்தகுமார் தரையைப் பார்த்தான்.

"யோவ். மறந்திருக்கேனா?"

"...எப்பயாவது."

"எத்தினி வாட்டி?"

"அத வுடு மஞ்சு."

அந்த மாதங்களில் அவன் தட்டில் போட்டதை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு போனது அவளுக்கு இப்போது கண்ணில் வந்து நின்றது. மாமியார்கூட அவள் படுத்திருந்த அறைப் பக்கம் சத்தம் போடாமல் நடந்தாள். வீடே அவளைச் சுற்றி மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அவள்தான், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. அழுகையாக வந்தது. அவனை இன்னொரு அடி வைக்கலாம் போலவும் இருந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லுங்க இப்ப. இந்தப் படகுல வேற இன்னா தப்பு பண்ணி வெச்சிக்கீறேன்?"

"ஒன்னும் இல்ல."

"என் மேல சத்தியமா?"

வசந்தகுமார் இசக்கியப்பனைப் பார்த்தான். இசக்கியப்பன் அவசர அவசரமாகச் சட்டையைத் தேடிக்கொண்டு போய்விட்டான்.

"அந்த ஹோஸ இறுக்குற கிளாம்ப்பு" என்று இழுத்தான் வசந்தகுமார். "ஸ்க்ரூ மொனை பை பக்கம் பாத்துனு கீது. பை ரொம்பி உப்பும்போது ஒரசும். நாலு வாட்டி ஓட்டுனா கிழிஞ்சிடும்."

சுருக்கென்று தைத்தது. கார் லைனில் அவள் வேலையில் யாரும் இப்படிக் குறை சொன்னதில்லை. முகம் சூடேறியது. ஆனாலும் அவன் இப்போது அவள் முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். அது அவளுக்கு வேண்டியிருந்தது, வலித்தாலும் வேண்டியிருந்தது.

"ஸ்க்ரூடிரைவர குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறினாள். இடது பக்கத்துச் சீட்டைத் தூக்கி, ஈரமாகச் சுருங்கிக் கிடந்த பையை ஒதுக்கி, தலையை உள்ளே நுழைத்தாள்.

"அப்புறம்?" என்றாள் உள்ளிருந்து.

அவன் தண்ணீரில் முழங்கால் அளவுக்கு இறங்கி வந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"அப்புறம் அந்த ஒயரு ஜாயின்ட்டு, கீழ வெச்சிட்ட. தண்ணி பூந்தா கருகிடும்."

"அப்புறம்?"